நிசேயாவில் எழுதிய ஒரு சொல்

கி.பி. 325-ம் ஆண்டு ரோமச் சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் அழைப்பின் பேரில் நிசேயா நகரில் பிஷப்புகள் கூடினார்கள். துருக்கியில் இன்று இஸ்னிக் என்று வழங்கும் ஊர்தான் அது. அங்கே எழுதிய விசுவாசப் பிரமாணத்துக்கு 2025-ல் 1,700 ஆண்டு நிறைந்தது. கோயிலில் அதை மனப்பாடமாகச் சொல்கிறவர்களிடம், எதற்காக எழுதினார்கள் என்று கேட்டால் பலர் விழிக்கிறார்கள். அரசன் சொன்னான், பிஷப்புகள் கையெழுத்துப் போட்டார்கள், அவ்வளவுதான் என்று பேசுவோரும் உண்டு.

விஷயம் அவ்வளவு லேசானதல்ல. எகிப்தில் அலெக்சாந்திரியா நகரத்துக் குருவானவர் ஆரியுஸ். தேவகுமாரன் எல்லாப் படைப்புகளிலும் உயர்ந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்று அவர் போதித்தார். கப்பலோட்டிகளும் மாவரைப்பவர்களும் பாடும்படி இதைப் பாட்டாகவும் கட்டினார் என்று பழைய சரித்திரக்காரர் ஒருவர் எழுதுகிறார். சாமானிய மக்களிடம் கொள்கையைக் கொண்டுபோகத் தெரிந்த மனிதர்!

மாநாடு அதை மறுத்தது. குமாரனும் பிதாவும் ஒரே உள்பொருள் என்று எழுதியது. 'ஹோமோஊசியோஸ்' என்பது அந்தக் கிரேக்கச் சொல். பிற்பாடு சிலர் 'ஹோமோய்ஊசியோஸ்' என்று வைத்துக்கொள்ளலாமே என்று சமரசம் பேசினார்கள். 'இயோட்டா' என்ற ஒரு சின்ன எழுத்துதான் கூடுதல். ஆனால் 'ஒரே' என்பது 'ஒத்த' என்று ஆகிவிடுகிறது.

ஓர் எழுத்துக்கா இத்தனை சண்டை என்று கேலி செய்வது சுலபம். துக்க வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரிப்பது வேறு, தானே போய் நிற்பது வேறு. வெளியூரில் பிழைப்பவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆரியுஸ் சொன்னபடி பார்த்தால், சிலுவையில் மாண்டவர் கடவுள் அனுப்பிய ஆள், எவ்வளவு பெரிய ஆளானாலும் சரி. கடவுளே வந்தார் என்கிறது நிசேயா. கிறிஸ்தவ மதத்தின் உயிர்நாடியே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அரசன் தயவால் நின்ற கொள்கை என்பதும் சரியல்ல. கான்ஸ்டன்டைன் 337-ல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். கொடுத்தவர் ஆரியுஸ் பக்கம் சாய்ந்த பிஷப்! நிசேயாவுக்காக வாதாடிய அத்தனாசியுஸை 335-ல் நாடு கடத்தியவரும் அதே கான்ஸ்டன்டைன்தான். மொத்தம் ஐந்து தடவை அவர் ஊரை விட்டுப் போகவேண்டி வந்தது. சக்கரவர்த்தியின் மகன் கான்ஸ்டான்டியுஸ் 359-ல் கூட்டிய மாநாடுகளில் அந்தச் சொல்லையே தூக்கி எறிந்தார்கள். அரண்மனை அப்படிக் கைவிட்ட பிறகும் பிரமாணம் பிழைத்தது. அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த பிஷப்புகளும் துறவிகளும் ஜனங்களும்தான் காரணம் என்பது நம் அபிப்பிராயம்.

381-ல் கான்ஸ்டான்டினோபிள் மாநாடு பரிசுத்த ஆவியைப் பற்றி விரித்துச் சொன்னது. இன்று கோயில்களில் சொல்லப்படுவது அந்த விரிவான வடிவம்தான். அதில் ஏசுநாதர், மரியாள் தவிர வரும் ஒரே மனிதப் பெயர் பிலாத்து. தண்டனை எழுதிய ரோம அதிகாரி! எந்த அதிகாரியின் நிர்வாகத்தில் நடந்தது என்று குறித்து வைத்ததால், இது கட்டுக்கதைக் காலத்துச் சமாசாரம் அல்ல என்றும் ஆகிறது.

மேற்குச் சபையார் பிற்காலத்தில் இதில் ஒரு சொல் சேர்த்தார்கள். ஆவி பிதாவிடமிருந்து மட்டுமல்ல, குமாரனிடமிருந்தும் புறப்படுகிறார் என்றார்கள். கிழக்குச் சபையார் ஏற்கவில்லை. 1054-ல் ஏற்பட்ட பிளவுக்கு அதுவும் ஒரு காரணம். 2025 நவம்பரில் போப் 14-ம் லியோவும் கான்ஸ்டான்டினோபிள் பாட்ரியார்க் பர்த்தலமேயுவும் இஸ்னிக்கில் சேர்ந்து நின்று ஜெபித்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.