மாரிக்கு முன் ஒரு கடமை

கச்சான் ஓய்ந்து வாடை எழும் பருவம் நெருங்குகின்றது. வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கூரை திருத்துவோரும் வயலை ஒருக்குவோரும் தத்தம் கருமத்திற் கண்ணாயிருக்கின்றனர். வீட்டைத் துப்புரவு செய்யும் இந்நாட்களிற் பரணிலும் பெட்டகத்திலும் கிடந்த பழந்தாள்கள் வெளிவருவதும், படித்துப் பாராமலே குப்பையோடு எரிக்கப்படுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. இவ்வழக்கத்தைக் கைவிட வேண்டுமென்பதே எமது வேண்டுகோள்.

மட்டக்களப்பு நாட்டின் பழைய இலக்கியம் நூல்நிலையங்களில் வாழ்ந்ததன்று. வீடுகளிலும் கோயில்களிலும் வாழ்ந்தது. வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் அண்ணாவிமாரின் ஏடுகளிலும் கொப்பிகளிலும் தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதப்பட்டன. கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது படிக்கப்பெறும் கண்ணகி வழக்குரை நெடுங்காலம் ஏட்டிலேயே இருந்தது. அதனைப் பண்டிதர் வி. சீ. கந்தையா 1968ஆம் ஆண்டு பதிப்பித்தார். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் வெளியிட்ட மட்டக்களப்பு மான்மியமும் பழைய ஏடுகளின் துணைகொண்டு உருவானதே. ஏடு வைத்திருந்தோர் அவற்றைக் குப்பையென எண்ணியிருப்பின் இந்நூல்கள் நமக்குக் கிட்டியிரா.

அழிப்போர் யாவரும் பகைவரல்லர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகள் நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடப்பட்ட செய்தியை உ. வே. சாமிநாதையர் வருந்தி எழுதியுள்ளார். செய்தவர்கள் அதனைப் புண்ணியமென்றே கருதினர். நமது காலத்திலோ இழப்புக்கள் பல. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளி இப்பகுதி வீடுகளின் கூரைகளைப் பெயர்த்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் கொளுத்தப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை வாரிச் சென்றது. இவற்றுக்குத் தப்பியவற்றை நாமே எரிப்பது தகுமோ?

எல்லாத் தாளையும் வைத்திருக்க வீடென்ன ஏட்டறையா எனச் சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கடைச் சிட்டைகள் போகட்டும். கூத்துக் கொப்பி, வாகட ஏடு, கோயில் வரவுசெலவுக் கணக்கு, வட்டைக் கணக்கு, பாடசாலை விழா மலர், ஊர்ச் செய்தி கூறும் கடிதம் ஆகியன போகலாகா. கையெழுத்து விளங்காத தாளை விளங்கிக்கொள்ளக் கூடியவரிடம் காட்டும்வரை எரியாதிருத்தலே நன்று.

காப்பு முறையும் எளியதே. ஈரம் படிந்த தாளைக் கடும் வெயிலில் இடாது நிழலிற் காற்றாட உலர்த்துக. துருவேறிய ஊசிகளைக் களைக. பருத்தித் துணியிற் சுற்றி வசம்பு இட்டு, நிலத்தினின்றும் உயரத்தில் வைக்க. யாருடையது, எவ்வூரது, எக்காலத்தது என ஒரு சீட்டில் எழுதி உடன் வைத்தல் இன்றியமையாதது. பெயரற்ற கட்டு அடுத்த தலைமுறைக்குக் குப்பையாகவே தோன்றும்.

இன்று பிரதி செய்தலும் அரிதன்று. 2005இல் தோன்றிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் படியெடுத்து எவரும் படிக்க வைத்துள்ளது. மூலத்தைக் கைவிட மனமில்லாதோர் படியை மட்டும் அளிக்கலாம். கைத்தொலைபேசி உள்ள மாணவர் தம் ஊரின் ஒரு கொப்பியையேனும் உரியவரின் இசைவுடன் பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கலாம்.

ஆசிரியப் பெருமக்கள் இம்மாரிக்கு முன்னரே தம் மாணவரை இப்பணியில் ஈடுபடுத்துவார்களென நம்புகின்றோம்.