கணக்கில் வராத இரத்தம்

மரபணுச் சோதனை ரிப்போர்ட்டில் ஒரு வரி வரும்: ‘முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்.’ பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்ற மரபணுக்களில் கெடுதலான மாற்றம் இருந்தால் மார்பகத்திலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு கூடும். மாற்றம் இருக்கிறது, அது கெடுதலா இல்லையா என்று தெரியவில்லை என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். யாருக்குத் தெரியவில்லை, ஏன் தெரியவில்லை என்று அதில் எழுதியிருக்காது.

படப்பையில் இருக்கும் என் சித்திக்கு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. தாம்பரத்தில் ஒரு லேபில் இரத்தம் கொடுத்திருந்தார். ‘உறுதியாகாத’ என்ற சொல் வீட்டுக்கு வருவதற்குள் காணாமல் போயிற்று, ‘மாற்றம்’ மட்டும் வந்து சேர்ந்தது. அம்மா வழிச் சீக்கு என்றார்கள். மகளுக்குப் பார்த்துக்கொண்டிருந்த வரன் நின்றது. இந்த மாற்றங்கள் அப்பாவிடமிருந்தும் அதே அளவு வரும் என்பதை யாரும் சொல்லவில்லை; சித்தப்பா வழியை யாரும் விசாரிக்கவும் இல்லை. சினைப்பையை எடுத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். உறுதியாகாத மாற்றத்தை வைத்துச் சிகிச்சை முடிவு எடுக்கக்கூடாது என்று 2015-லேயே அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி எழுதிவைத்திருக்கிறது.

ஒரு மாற்றம் கெடுதலா என்று தீர்மானிக்க லேப்கள் பார்க்கும் பொதுத் தரவுத்தளங்களில் முக்கியமானது கிளின்வார். அமெரிக்க அரசு நிறுவனம் 2013-ல் திறந்தது. உலகின் பல லேப்கள் தங்கள் முடிவுகளை அதில் பதிகின்றன. நடத்துகிறவர்கள் அவற்றைச் சரிபார்ப்பதில்லை. எவ்வளவு ஆய்வுக்கு உட்பட்ட பதிவு என்பதற்கு நட்சத்திரம் மட்டும் போடுகிறார்கள். ஒரே மாற்றத்தை ஒரு லேப் கெடுதல் என்கும், இன்னொன்று இல்லை என்கும். பிழை உண்டு, மறுக்கவில்லை. பிழை யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி. இதயத்தசை தடிக்கும் நோய்க்கான சோதனையில், தீங்கற்ற மாற்றங்களை வைத்தே அமெரிக்கக் கறுப்பின மக்கள் சிலருக்கு நோய்க்காரணம் கண்டதாகச் சொல்லிவிட்டார்கள் என்று 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஒப்பிடப் பயன்படுத்திய கூட்டத்தில் கறுப்பினத்தவர் போதிய அளவில் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

நம் கதையும் அதுவே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தண்டபாணியும் மற்றவர்களும் 2009-ல் இதய மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைப் பற்றி எழுதினார்கள். இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அது உண்டு. ஐரோப்பியர்களை மட்டும் எண்ணியிருந்தால் அது கண்ணிலேயே பட்டிருக்காது. அதைச் சுமக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தில்லை, சிலரிடம் கூடவே இருக்கும் வேறொரு மாற்றம்தான் முக்கியம் என்று 2018-ல் தெரிந்ததும் தெற்காசியர்களைச் சோதித்ததால்தான்.

பொதுத் தரவில் பிழை அதிகம் என்ற வாதத்தை உரக்கச் சொன்னது யார் தெரியுமா? மிரியட் ஜெனடிக்ஸ். பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களுக்குக் காப்புரிமை வைத்திருந்த அமெரிக்க நிறுவனம். 2004-க்குப் பிறகு தன் கண்டுபிடிப்புகளைப் பொதுவில் கொடுப்பதை நிறுத்தியது. இயற்கையான மரபணுவுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூன் 13-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், பெண்கள் காசு கொடுத்துச் செய்த சோதனைகளில் சேர்ந்த தரவை அது தன்னிடமே பூட்டிவைத்தது. ஊர்க் கிணற்றுக்கு வரும் ஊற்றை அடைத்தவனே கிணறு கலங்கல் என்று சொல்கிற மாதிரி.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954-ல் முத்துலட்சுமி ரெட்டி இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் தொடங்கினார். பெண்கள் கூடி ஊருக்குப் பொதுவாக எழுப்பியது. அந்த ஊரில்தான் இன்று நம் இரத்தத்தில் கிடைக்கும் அறிவு பொதுவுக்குப் போகிறதா இல்லையா என்று கேட்கக்கூட ஆளில்லை. ஜீனோம் இந்தியா 10,000 பேரின் மரபணுத்தொகுதித் தரவை 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தது, நல்லது. ஒரு மாற்றம் நம்மிடையே எவ்வளவு சகஜம் என்று அது சொல்லும். நோய் வந்த வீட்டில் யார் யாரிடம் அந்த மாற்றம் இருக்கிறது என்பதைச் சோதனை செய்த லேப்தான் சொல்ல முடியும்.

ஆகவே, பெயரையும் முகவரியையும் நீக்கி, நம் சம்மதத்தோடு, ஒவ்வொரு லேபும் தன் முடிவுகளைப் பொதுத் தரவுத்தளத்தில் பதிவதைக் கட்டாயமாக்க வேண்டும். எந்தப் பதிவை, எந்தத் தேதியில், எத்தனை நட்சத்திரத்தோடு பார்த்தார்கள் என்பது ரிப்போர்ட்டில் தமிழில் இருக்க வேண்டும். வகைப்பாடு மாறினால் காசு வாங்காமல் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மிரியட்டின் சோதனைகளையே அலசிய 2018 ஆய்வில், மறுவகைப்படுத்தப்பட்ட உறுதியாகாத மாற்றங்களில் சுமார் 91 சதவீதம் தீங்கற்ற பக்கத்துக்கே போயின. சித்திக்கு இதுவரை லேபிலிருந்து ஒரு போன் வந்ததில்லை.