ஒரே கருவி, இரண்டு நிலங்கள்: சூடானின் தங்கம் யாருக்குச் சேர்கிறது?

2025 அக்டோபர் மாதத் தொடக்கத்தில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை முதன்முறையாக 4,000 டாலரைத் தாண்டியது. அதே நாட்களில் தமிழகத்தில் சவரன் விலை 90 ஆயிரம் ரூபாயைக் கடந்தது. மகளின் நிக்காஹ்வுக்கு நாள் குறித்து வைத்திருந்த வீடுகளில் அந்த வாரம் முழுக்க இதுதான் பேச்சு.

அதே மாதம் 26ஆம் தேதி இன்னொரு செய்தி வந்தது. சூடானின் வடக்கு தார்ஃபூர் மாநிலத் தலைநகரான எல் ஃபாஷிர், ஒன்றரை ஆண்டு முற்றுகைக்குப் பின் ஆர்.எஸ்.எஃப் எனப்படும் துரித ஆதரவுப் படையின் கையில் வீழ்ந்தது. அதைத் தொடர்ந்து நடந்த படுகொலைகளின் காட்சிகள் உலகையே உலுக்கின. முதல் செய்தி நம் வீட்டில் பேசப்பட்ட அளவுக்கு இரண்டாவது செய்தி பேசப்படவில்லை. ஆனால் இரண்டையும் இணைக்கும் பொருள் ஒன்றுதான். அது தங்கம்.

சூடானின் தங்கக் கதையைப் புரிந்துகொள்ள, தோளில் மாட்டிக்கொண்டு நடக்கக்கூடிய ஒரு சிறிய கருவியிலிருந்து தொடங்க வேண்டும்.

மண்ணோடு பேசும் கருவி

மெட்டல் டிடெக்டர் செயல்படும் முறை எளிமையானது. அதன் அடியில் உள்ள கம்பிச்சுருள் மண்ணுக்குள் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் எழும். கருவி அதை உணர்ந்து ஒலி எழுப்பும். கையளவு ஆழத்திலிருந்து சில அடி ஆழம் வரை கிடக்கும் தங்கக் கட்டிகளை இப்படிக் கண்டுபிடிக்கலாம். பாறையோடு கலந்திருக்கும் தூள் தங்கத்தை இதனால் உணர முடியாது. இந்த வேறுபாடு முக்கியமானது. பிறகு அதற்கு வருவோம்.

பழைய தங்க வயல்களில்தான் இக்கருவிக்கு வேலை அதிகம். முந்தைய தலைமுறையினர் கண்ணால் பார்த்துத் தோண்டிய இடங்களில், அவர்கள் கண்ணுக்குத் தப்பியவை இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதற்குச் சிறந்த உதாரணம். 1851இல் அங்கே தங்க வேட்டை தொடங்கியது. 130 ஆண்டுகள் கழித்தும் அந்த நிலம் வற்றவில்லை. 1980இல் கிங்கோவர் என்ற ஊருக்கருகே, வீட்டு வாகனத்தில் தங்கியிருந்த ஒருவர் டிடெக்டர் உதவியுடன் 27.2 கிலோ எடையுள்ள தங்கக் கட்டியைக் கண்டெடுத்தார். நம் கணக்கில் 3,400 பவுன். இன்றும் அங்கே வார விடுமுறையில் ஓய்வுபெற்றவர்களும் குடும்பத்தினரும் டிடெக்டருடன் புதர்க்காடுகளில் நடக்கிறார்கள். 'மைனர்ஸ் ரைட்' என்ற அனுமதிச் சீட்டைச் சிறு தொகை கட்டி வாங்கிக்கொண்டால், அனுமதிக்கப்பட்ட அரசு நிலங்களில் தேடலாம். கிடைப்பது கண்டெடுத்தவருக்கே சொந்தம்.

இந்தச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. 1854 டிசம்பரில் பல்லாரட் நகரில், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்த உரிமக் கட்டணத்தை எதிர்த்துத் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்தனர். 'யுரேகா கிளர்ச்சி' எனப்படும் அந்த மோதலில் உயிர்கள் பறிபோயின. அதற்கு அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்டதுதான் மைனர்ஸ் ரைட். ஆனால் அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்கு அன்று இதில் எந்தப் பங்கும் தரப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாலைவனத்தில் ஓர் அலை

இதே ஆஸ்திரேலியாவில் தயாரான டிடெக்டர்கள் 2008ஆம் ஆண்டை ஒட்டிச் சூடானின் நூபியப் பாலைவனத்தில் பரவத் தொடங்கின. அது ஃபிர்அவ்ன்கள் காலத்திலிருந்தே தங்கம் எடுக்கப்பட்ட பூமி. எகிப்து–சூடான் எல்லைப் பகுதியிலுள்ள வாதி அல்லாகியில், அப்பாசியர் ஆட்சிக்காலமான 9ஆம் நூற்றாண்டில் அரபுச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியேறித் தங்கம் எடுத்திருக்கிறார்கள்.

2011 ஜூலையில் தெற்கு சூடான் தனி நாடானபோது, சூடான் தன் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கை இழந்தது. நாணய மதிப்பு சரிந்தது, விலைவாசி ஏறியது. விவசாயிகள், ஆசிரியர்கள், மாணவர்கள் என லட்சக்கணக்கானோர் பாலைவனத்துக்குக் கிளம்பினர். பல ஆயிரம் டாலர் விலையுள்ள கருவியைத் தனியாக வாங்க இயலாதவர்கள் கூட்டுச் சேர்ந்தார்கள். அல்லது பணக்காரர் ஒருவர் வண்டி, உணவு, கருவி மூன்றையும் தந்து கிடைப்பதில் பங்கு எடுத்துக்கொண்டார்.

அந்த அலை சூடானோடு நிற்கவில்லை. சாட் நாட்டின் திபெஸ்தி, 2014இல் நைஜரின் ஜாடோ, 2016இல் மொரிடானியா என்று சஹாரா முழுவதும் மேற்கு நோக்கிப் பரவியது. எண்ணெய் வயல் அரசனுக்கும் கம்பெனிக்கும் மட்டுமே பயன்படும். இந்தத் தங்கமோ, நடக்கத் தெம்புள்ள எவருக்கும் கிடைக்கக்கூடியதாக இருந்தது. ஏழைகளுக்கு அல்லாஹ் திறந்துவிட்ட வாசலாகவே பலரும் இதைக் கண்டார்கள்.

வாசலில் நின்ற துப்பாக்கி

அந்த வாசல் ஏன் மூடியது? முன்பு சொன்ன வேறுபாட்டில் பதில் இருக்கிறது. மேல் மண்ணில் கிடக்கும் கட்டிகள் முதலில் வந்தவர்களோடு தீர்ந்துபோகும். அதன் பிறகு பாறைக்குள் ஆழக் குழி தோண்ட வேண்டும், கல்லை அரைக்க வேண்டும், பாதரசம் கொண்டு தங்கத்தைப் பிரிக்க வேண்டும். அதற்கு இயந்திரமும் முதலீடும் தேவை. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் தங்கவும் வேண்டும். அலைந்து திரிபவனிடம் வரி பிடுங்குவது கடினம்; குழிக்குள் இருப்பவனிடம் எளிது. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அப்போதுதான் உள்ளே வந்தார்கள்.

வடக்கு தார்ஃபூரின் ஜெபல் ஆமிரில் 2012இல் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் அதற்காக பனூ ஹுசைன், ரிஸைகாத் என்ற இரு அரபுக் குலங்களுக்கிடையே சண்டை வெடித்தது. இரு தரப்பும் முஸ்லிம்கள். சுமார் ஒரு லட்சம் பேர் வீடுவாசலை விட்டு ஓடினர். பின்னர் அந்தச் சுரங்கம் மூசா ஹிலால் என்ற ஆயுதக் குழுத் தலைவரின் பிடியில் இருந்தது. 2017 நவம்பரில் அவரைக் கைது செய்த துரித ஆதரவுப் படை அதைக் கைப்பற்றியது. ஹெமெத்தி என்று அழைக்கப்படும் அதன் தளபதி முஹம்மத் ஹம்தான் தகலோவின் குடும்ப நிறுவனமான அல் ஜுனைத் தங்க வணிகத்தில் இறங்கியது. ஒரு குலப்படையை அரசுக்கே சவால் விடும் ராணுவமாக வளர்த்ததில் இந்த வருமானத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2023 ஏப்ரல் 15இல் அந்தப் படைக்கும் சூடான் ராணுவத்துக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கா தடை விதித்த நிறுவனங்களில் அல் ஜுனைதும் ஒன்று.

அரசின் தவறும் சிறியதல்ல. மத்திய வங்கி நீண்ட காலம், சந்தை விலைக்குக் குறைவான அரசு நாணய மாற்று விகிதத்தில் தங்கத்தை வாங்கியது. விளைவு, கடத்தல் பெருகியது. சாதாரணத் தொழிலாளிக்கோ எந்தப் பாதுகாப்பும் வந்து சேரவில்லை. 2021 டிசம்பரில் மேற்கு கொர்தொஃபானில், கைவிடப்பட்ட ஒரு சுரங்கம் சரிந்து குறைந்தது 38 பேர் இறந்தனர்.

வரலாறும் தப்பவில்லை. 2020இல் பய்யூதா பாலைவனத்தின் ஜபல் மராகாவில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு தொல்லியல் தளத்தை மண் அள்ளும் இயந்திரங்களால் 17 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டி அழித்துவிட்டார்கள். அங்குள்ள பாறையில் பைரைட் என்ற உலோகக் கனிமம் இருந்ததால் டிடெக்டர் ஒலித்திருக்கிறது. அதைத் தங்கம் என்று நம்பித் தோண்டியிருக்கிறார்கள். பிடிபட்டவர்கள் சில மணி நேரத்தில் விடுவிக்கப்பட்டனர்.

துபாய் வழியாக நம் வீட்டுக்கு

2024இல் ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மட்டும் 64 டன் தங்கம் உற்பத்தியானதாகச் சூடான் அரசு நிறுவனம் அறிவித்தது. போருக்கு முந்தைய அளவை விட இது அதிகம். மக்கள் பசியில் இருக்கும் நாட்டில் சுரங்கங்கள் மட்டும் ஓயாமல் இயங்குகின்றன என்றால், அந்தப் பணம் எங்கே போகிறது என்பதை விளக்கத் தேவையில்லை. இரு தரப்பும் தங்கத்தை விற்றுத்தான் ஆயுதம் வாங்குகின்றன.

விற்கப்படும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான்: ஐக்கிய அரபு அமீரகம். துரித ஆதரவுப் படைக்கு ஆயுதம் தருவதாக அமீரகத்தின் மீது ராணுவ அரசு குற்றம் சாட்டி, 2025 மே மாதம் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அமீரகம் இக்குற்றச்சாட்டை மறுத்து வருகிறது. ஆனால் அதே ராணுவ அரசின் அதிகாரபூர்வத் தங்க ஏற்றுமதியில் மிகப் பெரும்பகுதி 2024இல் சென்று சேர்ந்தது அமீரகத்துக்குத்தான்.

அங்கிருந்து நமக்குத் தூரம் அதிகமில்லை. 2022 மே முதல் நடைமுறையில் உள்ள இந்திய–அமீரக வர்த்தக ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 200 டன் வரையிலான தங்கத்தை மற்ற நாடுகளை விட ஒரு சதவீதப் புள்ளி குறைந்த வரியில் அங்கிருந்து இறக்குமதி செய்யலாம். உருக்கிக் கட்டியாக்கிய தங்கத்துக்குப் பிறந்த ஊர் கிடையாது. நம் நகைகளில் பொறிக்கப்படும் ஆறு இலக்க ஹால்மார்க் எண் தூய்மைக்குத்தான் சான்று. அது எந்த மண்ணிலிருந்து வந்தது என்று சொல்லாது.

வேறு வழி இல்லையா?

மொரிடானியாவும் பாலைவன முஸ்லிம் நாடுதான். 2016இல் அங்கே இதே டிடெக்டர் அலை எழுந்தபோது, அரசு தேடுவதற்கான பகுதிகளை வரையறுத்து அனுமதிச் சீட்டு வழங்கியது. அரைக்கும் ஆலைகளை ஷாமி என்ற ஊரில் ஒருங்கிணைத்தது. 2020இல் சிறு சுரங்கத் தொழிலைக் கவனிக்கவென்றே தனி அரசு அமைப்பை நிறுவியது. அங்கேயும் விபத்துகளும் பாதரச மாசும் உண்டு. ஆனாலும் அந்தத் தங்கம் உள்நாட்டுப் போராக மாறவில்லை.

நம் ஃபிக்ஹ் சட்டமும் இதைப் பேசாமல் விடவில்லை. புதையலாகிய ரிகாஸில் ஐந்தில் ஒரு பங்கு கடமை. சுரங்கப் பொருளை ஹனஃபி அறிஞர்கள் அதனோடு சேர்த்து ஐந்தில் ஒன்று என்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சுரங்கத் தங்கத்துக்கு இரண்டரை சதவீதம். அளவில் கருத்து வேறுபாடு இருந்தாலும், பூமிக்குள்ளிருந்து வரும் செல்வத்தில் கண்டெடுத்தவருக்கு உரிமை உண்டு, அதில் சமூகத்துக்கும் பங்கு உண்டு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. இன்று தார்ஃபூரில் அந்தப் பங்கை வசூலிப்பது சோதனைச் சாவடியில் நிற்கும் துப்பாக்கி.

நகை வாங்குவது ஹராம் என்று சொல்ல வரவில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது சேமிப்பும் பாதுகாப்பும்கூட. வீட்டில் இருக்கும் பழைய நகையை மாற்றிப் புதிது செய்தால், புதிதாக வெட்டியெடுக்கும் தங்கத்தின் தேவை அந்த அளவுக்குக் குறையும். கடைக்காரரிடம் செய்கூலியும் சேதாரமும் கேட்கும்போது, தங்கம் எங்கிருந்து வருகிறது என்றும் ஒருமுறை கேட்கலாம். அவருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். பத்துப் பேர் கேட்டால் அவரும் தன் மொத்த வியாபாரியிடம் கேட்கத் தொடங்குவார். சவரன் விலையைப் பேசும் வீடுகளில் எல் ஃபாஷிரின் பெயரும் ஒலிக்கட்டும்.