ஒரே கதை... சீனாவில் 35 எபிசோடு, கொரியாவில் 20 எபிசோடு: வித்தியாசம் எங்கே இருக்கிறது?

இந்தக் காலத்துப் பெண் ஒருத்தி பழங்கால அரண்மனை ஒன்றில் கண் விழிக்கிறாள். சுற்றிலும் இளவரசர்கள். அரியணைக்காக அவர்களுக்குள் போட்டி. கதை தெரிந்தும் அவளால் எதையும் தடுக்க முடியவில்லை.

இந்தக் கதையை 2011-ல் சீனா ‘பு பு ஜிங் சின்’ என்ற பெயரில் 35 எபிசோடுகளாக எடுத்தது. 2016-ல் கொரியா அதையே ‘மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ’ என 20 எபிசோடுகளில் ரீமேக் செய்தது. சீனாவில் சிங் வம்சத்துப் பேரரசர் காங்ஷியின் அரண்மனை, கொரியாவில் கோரியோ அரண்மனை. இரண்டையும் பார்த்தவர்கள் இன்றும் இரண்டு கட்சி. ‘சீன வெர்ஷன்லதான் அரசியலே புரியுது’ என்பது ஒரு கட்சி. ‘கொரியன்லதான் அழுகையே வந்துச்சு’ என்பது இன்னொரு கட்சி.

இது வெறும் ரசனைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் பணம் யார் தருகிறார்கள், அனுமதி யார் தருகிறார்கள் என்ற கணக்கும் இருக்கிறது.

எபிசோடு கணக்கு என்ன?

கொரியத் தொடர்களின் வழக்கமான அளவு 16 எபிசோடு. வாரத்துக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே ஓடும். எட்டு வாரத்தில் கதை முடிந்துவிடும். ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ இந்த அச்சில் வந்ததுதான். ஓடிடி வந்தபிறகு இது இன்னும் சுருங்கியது. ‘ஸ்க்விட் கேம்’ முதல் சீசன் மொத்தமே 9 எபிசோடு.

சீனாவில் ஒரு எபிசோடு சுமார் 45 நிமிடம். ஆனால் எண்ணிக்கை அதிகம். 2011-ல் வந்த ‘எம்ப்ரஸஸ் இன் தி பேலஸ்’ 76 எபிசோடு. 2018-ல் வந்த ‘ஸ்டோரி ஆஃப் யான்ஷி பேலஸ்’ 70 எபிசோடு. வழக்கமான கொரியத் தொடரை முடிக்க 17, 18 மணி நேரம் போதும் என்றால், இதற்கு 50 மணி நேரத்துக்கு மேல் வேண்டும்.

காரணம் வியாபாரம். சீனாவில் தயாரிப்பாளர்கள் தொடர்களைச் சேனல்களுக்கும் ஓடிடி தளங்களுக்கும் எபிசோடு கணக்கில் விற்று வந்தார்கள். எண்ணிக்கை கூடினால் வருமானம் கூடும். இழுத்தடிக்கும் தொடர்களுக்குச் சீன ரசிகர்களே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ‘தண்ணீர் ஏற்றிய தொடர்’. 2020 பிப்ரவரியில் அந்நாட்டு ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பு 40 எபிசோடுக்கு மேல் போகக் கூடாது, 30-க்குள் முடித்தால் நல்லது என்று அறிவித்தது. 2025 ஆகஸ்ட்டில் இந்தக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது.

ரசிகர்களின் பர்ஸிலும் கை வைத்தார்கள். 2019-ல் ‘ஜாய் ஆஃப் லைஃப்’ தொடர் வந்தபோது, சந்தா கட்டியவர்களும் அடுத்த எபிசோடுகளை முன்கூட்டியே பார்க்கத் தனியாகக் காசு கட்டவேண்டியிருந்தது. வழக்கறிஞர் ஒருவர் ஐச்சியி தளத்தின் மீது வழக்குப் போட்டார். 2020-ல் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2021 அக்டோபரில் பெரிய தளங்கள் இந்த முறையையே கைவிட்டன.

உதடு ஒன்று, குரல் வேறு ஏன்?

சீனத் தொடரைப் புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. பல சரித்திரத் தொடர்களில் நாம் கேட்பது நடிகரின் சொந்தக் குரலே இல்லை, டப்பிங் கலைஞரின் குரல். ஜெஜியாங் மாகாணத்தின் ஹெங்டியன் போன்ற பிரம்மாண்ட ஸ்டுடியோக்களில் ஒரே நேரத்தில் பல குழுக்கள் படம்பிடிக்கின்றன. அந்தச் சத்தத்தில் நேரடி ஒலிப்பதிவு கஷ்டம். நடிகர்களின் வட்டார உச்சரிப்பும் ஒரு சிக்கல். இன்னொரு வசதியும் உண்டு: தணிக்கையில் ஒரு வசனத்துக்கு ஆட்சேபம் வந்தால், டப்பிங்கிலேயே மாற்றிவிடலாம்.

கொரியாவில் பெரும்பாலும் படப்பிடிப்பிலேயே குரலும் பதிவாகிறது. அழும்போது மூச்சு திணறுவது, பேச்சு உடைவது எல்லாம் அப்படியே வந்து சேரும். ‘கொரியன்லதான் அழுகை வந்துச்சு’ என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கத்தரி யார் கையில்?

சீனாவில் கத்தரி அரசின் கையில். தொடர் வெளியாகும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். வரலாற்றை இஷ்டத்துக்கு வளைக்கிறார்கள் என்று சொல்லி, காலப்பயணக் கதைகளை 2011-லேயே அதிகாரிகள் கண்டித்தார்கள். அதனால்தான் ‘ஜாய் ஆஃப் லைஃப்’ நாவலில் நேரடியாக வரும் காலப்பயணம், தொடரில் ஒரு மாணவன் எழுதும் கதையாக மாறியது. 2019-ல் உலகம் முழுக்க ரசிகர்களைப் பிடித்த ‘தி அன்டேம்ட்’ தொடரிலும் இதே நிலைமை. மூல நாவலில் இரண்டு ஆண்களுக்கு இடையே இருந்த காதல், திரையில் ஆழமான நட்பாகிவிட்டது.

வெளியான பிறகும் உத்தரவாதம் இல்லை. 2015-ல் வந்த ‘கோ பிரின்சஸ் கோ’ என்ற வெப் தொடர் சில வாரங்களிலேயே தளத்திலிருந்து இறக்கப்பட்டு, வெட்டப்பட்ட பிறகே திரும்பி வந்தது. ஓர் இளைஞனின் உயிர் பழங்காலப் பட்டத்து இளவரசியின் உடம்புக்குள் புகும் கதை அது. அதையே கொரியா 2020-ல் ‘மிஸ்டர் குயின்’ என்று எடுத்து ஹிட் ஆக்கியது.

அப்படியானால் கொரியாவில் கத்தரியே இல்லையா?

இருக்கிறது, பிடித்திருக்கும் கைதான் வேறு. அங்கே ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு பொதுவாக ஒளிபரப்பான பிறகே தலையிடும். ஆனால் ரசிகர்களின் கோபமும் விளம்பரதாரர்களின் பயமும் அதைவிட வேகமாக வேலை செய்யும். 2021 மார்ச்சில் எஸ்.பி.எஸ் சேனலின் ‘ஜோசன் எக்ஸார்சிஸ்ட்’ தொடரில், கொரிய இளவரசர் விருந்தில் சீன மூன்கேக் பரிமாறும் காட்சி வந்தது. ‘நம்ம வரலாற்றைச் சீனாவுக்குத் தாரை வார்க்கிறாங்க’ என்று எதிர்ப்பு கிளம்பியது. விளம்பரதாரர்கள் விலகினார்கள். இரண்டே எபிசோடில் தொடர் ரத்து. அரசு உத்தரவு எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

விளம்பரம் கதைக்குள்ளும் நுழையும். ஹீரோ, ஹீரோயின் திரும்பத் திரும்ப சப்வே கடையில் சாண்ட்விச் சாப்பிடுவது தற்செயல் இல்லை. அதே 2021-ல் ‘வின்சென்சோ’ தொடரில் சீன பிராண்டு ஒன்றின் பிபிம்பாப் பாக்கெட் வந்ததும் ரசிகர்கள் கொந்தளித்தார்கள்.

இரண்டும் சேர்ந்த காலம்

கொரியாவில் ஒருபக்கம் ஒளிபரப்பு, மறுபக்கம் ஷூட்டிங் என்பதே பழைய வழக்கம். ரசிகர்களின் கருத்தைப் பார்த்துக் கதையைத் திருப்புவார்கள். ஆனால் வெளிநாட்டுத் தொடர் இணையத்தில் வரவேண்டுமானால் முழுத் தொடரையும் முன்கூட்டியே பார்க்கவேண்டும் என்றது சீனா. அந்தச் சந்தைக்காகவே ‘டிசென்டன்ட்ஸ் ஆஃப் தி சன்’ முழுவதும் முன்பே எடுக்கப்பட்டு, 2016-ல் கொரியாவிலும் சீனாவிலும் ஒரே நேரத்தில் வெளியானது. அதே ஆண்டு, தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவ தென்கொரியா ஒப்புக்கொண்டதும், சீனாவின் கதவு அறிவிப்பே இல்லாமல் மூடியது. பின்னாளில் அமெரிக்கப் பணம் பெரிய அளவில் வந்தது. நான்கு ஆண்டுகளில் 250 கோடி டாலரைக் கொரியப் படைப்புகளில் முதலீடு செய்வதாக 2023-ல் நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது.

இந்தியப் பார்வையாளருக்கு?

2020 நவம்பரில் மத்திய அரசு தடை செய்த 43 செயலிகளில் வீடிவி, மேங்கோ டிவி ஆகியவையும் இருந்தன. கொரியத் தொடரோ நெட்ஃபிளிக்ஸைத் திறந்ததுமே கண்ணில் படுகிறது. ‘ஸ்க்விட் கேம்’ தமிழிலேயே பேசுகிறது. சீனத் தொடரைத் தேடிப் பிடித்து, சப்டைட்டிலோடு பார்க்க வேண்டும். ஆகவே ‘கொரியன்தான் பெஸ்ட்’ என்ற முடிவுக்குள், எது சுலபமாகக் கிடைக்கிறது என்பதும் ஒளிந்திருக்கிறது.

வார இறுதியில் முடித்துவிட வேண்டும் என்றால் கொரியத் தொடர்தான் வசதி. ஒரு மாதம் நிதானமாகப் பார்க்க நேரம் இருந்தால், 54 எபிசோடு ஓடும் ‘நிர்வாணா இன் ஃபயர்’ போன்ற சீனத் தொடரை முயலலாம். முதல் சில எபிசோடுகளில் பெயர்கள் குழப்பும், அதைத் தாண்டிவிட்டால் பிடித்துக்கொள்ளும். இரண்டு பாணியையும் அருகருகே வைத்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு ‘பு பு ஜிங் சின்’, ‘மூன் லவ்வர்ஸ்’ ஜோடியே நல்ல தொடக்கம். எந்தக் கட்சியில் சேர்வது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.