கூடாரத்துக் கோப்பி

 

வாசலில் ஸலாம் கேட்கிறது. வந்திருப்பது யாரென்று தெரியுமுன்பே அடுப்படியில் நிற்கும் பெண்ணின் மனம் எங்கே ஓடுகிறது? பால்மா இருக்கிறதா, பிஸ்கட் தீர்ந்துவிட்டதா, பிள்ளையைக் கடைக்கு அனுப்பலாமா என்றுதான் ஓடுகிறது. 'வாங்க, இருங்க' என்று வாய் சொல்லும். கை வெறும் டின்னைத் திறந்து பார்க்கும். விருந்தாளி வருவது பறக்கத் என்பது நம்மெல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்த முதல் நொடியில் மகிழ்ச்சியை முந்திக்கொண்டு ஒரு பதற்றம் வருகிறதே, அது ஏன்? இம்மாதம் அதைச் சற்று யோசிப்போம்.

அறபிகளின் விருந்து என்றால் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் சொல்லும் வர்ணனைதான் நமக்கு நினைவுக்கு வரும். பெரிய சஹன், மலைபோல் சோறு, அதன் மேல் முழு ஆடு! அது வசதியான நகரத்து வீடுகளின் விருந்து. அதற்கெல்லாம் மூலமான பாலைவன விருந்தோம்பல் வேறு விதமானது. அது இல்லாமையில் பிறந்தது.

பதவீ அறபிகள் எனப்படும் பாலைவன நாடோடி மக்களின் வீடு, ஆட்டு மயிரால் நெய்த கறுப்புக் கூடாரம். மயிரைத் திரிப்பதும், நெய்வதும், கூடாரத்தைக் கட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. நடுவில் ஒரு திரை. ஒரு பக்கம் குடும்பம், மறுபக்கம் விருந்தாளி. பயணி வந்து இறங்கியதும், நீ யார், என்ன காரியமாக வந்தாய் என்று விசாரிக்க மாட்டார்கள். முதலில் கோப்பி. அவர் கண் முன்னாலேயே கொட்டை வறுபடும், உரலில் இடிபடும். அந்த இடிக்கும் சத்தம் அயல் கூடாரங்களுக்கும் கேட்கும். விருந்தாளி வந்திருக்கிறார் என்ற அறிவித்தல் அதுவே. ஏலக்காய் சேர்த்த கோப்பியை, 'தல்லா' எனும் நீண்ட மூக்குள்ள பாத்திரத்திலிருந்து பிடியில்லாத சிறு கிண்ணத்தில் ஊற்றி, வலது கையால் கொடுப்பார்கள். அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். கிண்ணம் நிரம்ப ஊற்றினால், குடித்துவிட்டு எழும்பு என்று அர்த்தமாகிவிடும்! போதுமென்றால் விருந்தாளி கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்டுவார். இந்தக் கோப்பி மரபை 2015இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகப் பதிவு செய்தது.

ஏன் இத்தனை மரியாதை? பாலைவனத்தில் சத்திரம் இல்லை, கடை இல்லை. ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையே நாட்கணக்கான பயணம். இன்று தண்ணீர் கொடுப்பவர் நாளை தண்ணீர் கேட்டு நிற்பார். ஆகவே எதிரியேயானாலும், கூடாரத்துக்குள் வந்து உப்பைத் தின்றுவிட்டால் அவர் உயிருக்கு வீட்டுக்காரரே பொறுப்பு.

இதற்கு ஓர் எல்லையும் இருந்தது. விருந்தோம்பல் மூன்று நாட்கள். அதற்குமேல் கொடுப்பது தர்மம். வீட்டாரைச் சிரமத்தில் தள்ளும்வரை தங்கியிருப்பது விருந்தாளிக்கு ஆகாது என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். புஹாரி, முஸ்லிம் இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் உண்டு. வீட்டாருக்குக் கடமை இருப்பதுபோல் விருந்தாளிக்கும் கடமை உண்டு என்பதை நாம் எத்தனை பேர் நினைக்கிறோம்?

வில்ஃபிரட் தெஸிஜர் என்ற ஆங்கிலேயர், ரப்உல் காலி எனும் பெரும் மணல்வெளியை 1946-47இல் நாடோடி அறபிகளின் துணையோடு கடந்தார். பல நாட்கள் அரைப்பட்டினி. ஒருநாள் முயல் ஒன்று கிடைத்தது. சமைத்து, உண்ண உட்காரும் நேரம், தூரத்தில் மனிதர்கள் வருவது தெரிந்தது. அவ்வளவுதான்! முயலும் ரொட்டியும் வந்தவர்களுக்கே போயின. சாப்பிடுங்கள், சாப்பிடுங்கள் என்று வற்புறுத்தி உபசரித்தார்கள். தங்கள் பசியை ஒரு சொல்லாலும் காட்டவில்லை. தெஸிஜர் தமது நூலில் இதை மறக்காமல் எழுதி வைத்தார்.

இதைவிடவும் என் உள்ளத்தைத் தொடுவது ஒரு பெண்ணின் கூடாரம். ஹிஜ்றத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (றழி) அவர்களும் மதீனா செல்லும் வழியில் குதைத் பகுதியில் உம்மு மஃபத் என்ற பெண்மணியின் கூடாரத்தருகே இறங்கினார்கள். வழிப்போக்கருக்குத் தண்ணீரும் உணவும் கொடுப்பது அவரது வழக்கம். கணவர் ஆடு மேய்க்கப் போயிருந்தார். அது பஞ்ச காலம். இறைச்சியோ ஈத்தம்பழமோ விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டார்கள். இருந்திருந்தால் நீங்கள் கேட்கும்வரை வைத்திருந்திருக்க மாட்டேன் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னார். மந்தையோடு போக முடியாத மெலிந்த ஆடு ஒன்றுதான் மூலையில் நின்றது. அதைக் கறக்க நபி (ஸல்) அவர்கள் அனுமதி கேட்டதும், மடி சுரந்ததும், ஸீறா நூல்களில் நாம் படித்ததே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாலை முதலில் உம்மு மஃபதுக்கே கொடுத்தார்கள். பின்பு தோழர்களுக்கு. கடைசியாகத்தான் தாங்கள் அருந்தினார்கள். விருந்தாளியே வீட்டுக்காரிக்குப் பரிமாறிய விருந்து அது!

'இல்லை' என்று சொல்ல அந்தப் பெண்மணி வெட்கப்படவில்லை. வந்தவர்களும் அவரைக் குறைவாக நினைக்கவில்லை.

பாலைவனத்துக் கதை துறைமுகத்து மக்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். நம் திருகோணமலை மாவட்டமும் வழிப்போக்கராய் நின்ற ஊர்தானே! 2006 ஆகஸ்ட் முதல் வாரத்தில் இராணுவத்துக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சண்டை மூண்டபோது, மூதூர் மக்கள் பல்லாயிரக்கணக்கில் உடுத்த உடுப்போடு வெளியேறிக் கந்தளாய்க்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் வீடுகளும் அவர்களுக்குக் கூடாரமாயின. அன்று அங்கே தங்கிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். என்ன சாப்பிட்டோம் என்று முதலில் சொல்ல மாட்டார்கள். குளிக்க மறைவிடம் தந்த ராத்தாவை, மாற்றுடுப்பு தந்த மாமியைச் சொல்வார்கள். அந்த மாமியின் வீட்டில் எத்தனை வகைக் கறி இருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

மூன்று நாள் பற்றிய ஹதீஸைப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "ஹஸ்ரத், விருந்து குடுத்தா பேர் வாப்பாக்கு. விடிய எழும்பி ஆக்கிற உம்மாக்கு என்ன?" வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி நியாயமானது. நன்மை உம்மாவுக்கும் உண்டு, சந்தேகமில்லை. அதற்காகச் சுமை முழுவதும் அவர் தலையில் இருக்க வேண்டுமா? இப்றாஹீம் (அலை) அவர்கள் விருந்தாளிகளுக்காகத் தாமே வீட்டுக்குள் போய்க் கன்றின் இறைச்சியைக் கொண்டுவந்து, தாமே அவர்கள் முன் வைத்ததை அல்குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. விருந்தை அழைக்கும் ஆண்கள், தேங்காய் துருவவும் கோப்பை கழுவவும் கை கொடுத்தால் மானம் போய்விடாது.

ஆகவே சகோதரிகளே, ஸலாம் கேட்டதும் டின்னைத் திறக்குமுன் கதவைத் திறவுங்கள். இருப்பது பிளேன்டீயும் ஒரு துண்டுச் சக்கரையும் என்றால் அதை முகமலர்ச்சியோடு கொடுங்கள். அடுத்த வீட்டார் எட்டுக் கறி வைத்தார்கள் என்பதற்காகக் கடன் வாங்காதீர்கள். அந்தப் போட்டிதான் நம்மை விருந்தாளிக்குப் பயப்பட வைத்தது. கடைசியில் கதவையே சாத்த வைக்கிறது. நீங்கள் விருந்தாளியாகப் போனால், வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்து, நேரத்தோடு எழும்புங்கள். போகுமுன் கோப்பையைக் கழுவி வைத்தாலும் நல்லதே.

நம் வாசலுக்கு வருபவர்களால் நம் வீடுகளில் அல்லாஹ் பறக்கத் செய்வானாக. ஆமீன்.