தண்டனையும் தராசும்

ஆராயாது வழங்கிய தீர்ப்பு ஓர் அரசனின் உயிரையும் ஒரு நகரையும் அழித்த கதையை அறிந்தது நம் மதுரை. தண்டனையின் நேர்மையைப் பற்றிப் பேச இம்மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. விளையாட்டில் ஊக்கமருந்துக்கு விதிக்கப்படும் தண்டனைகளையும் அவ்வுரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

திருச்சியை அடுத்த முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பின்னர் அவர் உடலில் நாண்ட்ரோலோன் கண்டறியப்பட்டது. தாம் ஊக்கமருந்து எதையும் உட்கொண்டதில்லை என்றார் அவர். எனினும் பதக்கம் பறிபோயிற்று. நான்காண்டுத் தடையும் வந்தது. அதே 2019-இல் கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷா மீதும் ஊக்கமருந்துக் குற்றம் உறுதியாயிற்று. இருமல் மருந்தால் நேர்ந்த பிழை என்னும் விளக்கத்தை ஏற்ற கிரிக்கெட் வாரியம், எட்டு மாதத் தடையோடு நிறுத்திற்று.

இரண்டும் ஒரே மருந்தல்ல. முன்னது தசையை வலுவாக்கும் ஸ்டீராய்டு. ஆகவே வேறுபாடு முழுவதும் அநீதியெனல் பொருந்தாது. ஆயின் அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில், அத்தகைய ஸ்டீராய்டு உட்கொண்டு முதன்முறை பிடிபடுவோர்க்கு 2014 முதல் 80 ஆட்டங்களே தடை. ஒரு பருவத்தின் 162 ஆட்டங்களில் ஏறத்தாழப் பாதி. அங்கே வீரர் சங்கம் உடனமர்ந்து விதி வகுக்கிறது. நம் சிற்றூர் ஓட்டக்காரிக்கு அத்தகைய வலிய சங்கம் ஏது?

தண்டனையே வேண்டாவென்பது நம் வாதமன்று. தூய்மையாய் ஓடி இரண்டாமிடம் பெற்றவளுக்கும் நீதி வேண்டுமன்றோ! ஆனால் கொடுத்த கை எங்கே? 2011-இல் சிக்கிய இந்தியத் தொடரோட்ட வீராங்கனையர், பயிற்சியாளர் தந்த சத்துப்பொருளால் வந்த வினை என்றனர். பயிற்சியாளர் பணிநீக்கம் பெற்றார். வீராங்கனையரின் ஓராண்டுத் தடையோ 2012-இல் ஈராண்டாக உயர்த்தப்பட்டது.

செயலை எண்ணத்தோடு சேர்த்து எடைபோடுவது இஸ்லாமிய அறநெறி. ஊக்கமருந்து விதியோ உடலில் கண்டதையே குற்றமாகக் கொள்கிறது. அறியாமையை மெய்ப்பிக்கும் சுமை வீரர் தலையிலேயே விழுகிறது. மருந்து கொடுத்தவர்க்கு வாழ்நாள் தடைவரை விதிக்க இடமுண்டு. எனினும் சோதனைக் குப்பியில் சிக்குவது உண்டவர் மட்டுமே.

மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலையை நாடி ஓடிவரும் பிள்ளைகள், ஆசான் தரும் பொடியை ஐயுறுவரோ? எனவே தடைப்பொருள்களின் பட்டியல் தமிழில் ஒவ்வொரு மைதானத்திலும் தொங்கட்டும். ஏழை வீரர்க்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தட்டும். ஒவ்வொரு தடையோடும், கொடுத்தவர் யாரென்னும் விசாரணையும் தொடங்கட்டும். அதுவரை நம் தராசின் ஒரு தட்டு வெறுமையாகவே தொங்கும்.