செவ்வொளிப் பலகையும் அளவறிதலும்

ஒளியினாற் பிணி தணித்தல் புதுமையன்று. டென்மார்க்கு நாட்டில் வாழ்ந்த நீல்சு பின்சன் என்னும் வைத்தியர், தோலிற் பற்றிய காசநோய்க்கு ஒளிகொண்டு சிகிச்சை செய்து 1903ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அங்கேரி நாட்டு மெசுற்றர் என்பார் 1967ஆம் ஆண்டளவில், மயிர் மழித்த சுண்டெலிகளின்மீது வலுக்குறைந்த செந்நிற லேசரைச் செலுத்த, அவ்விடத்து மயிர் விரைந்து வளரக் கண்டார். அவ்வழி வந்ததே இன்று வீட்டுப் பாவனைக்கென விற்கப்படும் செவ்வொளிப் பலகை. அதனை வாங்க விழைவார் முதலிற் கேட்கவேண்டியது விளக்குகளின் தொகையன்று. அளவே என்பது எமது துணிபு.

அவ்வளவு மூவகைப்படும். முதலாவது அலைநீளம். ஆய்வுகளிற் பெரிதும் பயன்பட்டவை 630 முதல் 660 நனோமீற்றர் வரையான செவ்வொளியும், 810 முதல் 850 வரையான செந்நிறக்கீழ்க் கதிருமாம். பின்னையது கண்ணுக்குப் புலப்படாமையின், விளக்குகளுட் சில மங்கித் தோன்றுதல் பழுதன்று. இரண்டாவது செறிவு, அஃதாவது, ஒரு சதுர சென்ரிமீற்றரில் வீழும் மில்லிவாற்று. அஃது எத்துணைத் தூரத்தில் அளக்கப்பட்டதெனக் கூறாத விற்பனையாளர் யாதும் கூறாதவரே. விலகுந்தோறும் செறிவு குறையுமன்றோ? மூன்றாவது காலம். 50 மில்லிவாற்றுச் செறிவில் 2 நிமிடம் நிற்பார்க்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 6 யூல் கிடைக்கும். 10 நிமிடம் நிற்பார்க்கு 30 யூல்.

மிகுதி மிகுபயன் தருமோ எனின், தாராது. சிற்றளவு உயிர்க்கலங்களைத் தூண்டுதலும், பேரளவு அத்தூண்டலை அடக்குதலும் ஆய்வுகூடங்களிற் கண்டவை. வள்ளுவனார் 'மருந்து' அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மிகுதியையும் குறைவையும் ஒருங்கே நோய்க்குக் காரணமாக வைத்தமை ஈண்டு நினைக்கத்தகும்.

தலைமயிர் உதிர்தல், முகச்சுருக்கம் முதலிய சிலவற்றுக்கு இவ்வொளி ஓரளவு உதவுமென்பதற்குச் சான்று உண்டு. எல்லா நோயும் தீரும் என்பார் கூற்றோ கொள்ளத்தக்கதன்று. அமெரிக்க உணவு மருந்து நிருவாகத்தின் அனுமதியைக் காட்டுவோரும் உளர். இத்தகைய கருவிகளுக்கு அவ்வனுமதி பெரும்பாலும் முன்னுள்ள கருவியொன்றை ஒத்தமைபற்றி, குறித்த ஒரு பயனுக்கே வழங்கப்படுவது, சகல நோய்க்குமன்று.

நீரிழிவுடையார் ஆறாத காற்புண்ணை இப்பலகைமுன் நீட்டிக்கொண்டு நாட்கடத்துவாராயின், இழப்பது பணமன்று, காலே. கண்ணோயுடையாரும், ஒளியைத் தாங்கவொட்டாத மருந்துண்பாரும் வைத்தியரை வினவிய பின்னரே வாங்குக. ஏனையோரும் விளக்கை நேரே நோக்காதிருத்தல் நன்று.

அலைநீளம், செறிவு, தூரம் என்னும் மூன்றனையும் எழுத்திற் கேட்டுப் பெறுக. எண்ணைச் சொல்லத் தயங்குவாரிடத்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தல் அறிவுடைமையாகாது.